விசில்காரர் மாற்றி வைத்த ஸ்பிரிங்

விசில்காரர் என்றதும் போலீஸ்காரர் என்றோ பேருந்து நடத்துநர் என்றோ நினைத்துவிட வேண்டாம். அவர் குக்கரும் கேஸ் அடுப்பும் பழுது பார்க்கிறவர். பழுது பார்த்த குக்கரில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்றி, விசில் வந்த பிறகுதான் ஆளிடம் கொடுப்பார். அந்தச் சத்தம் தெருமுனை வரை கேட்கும். அப்படி வந்த பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார் என்று அவர் மனைவி கிண்டல் செய்வாள். அவளைக் கடைக்கு வருகிற எல்லோரும் அக்கா என்பார்கள், அவளைவிட வயதில் பெரியவர்கள்கூட. நாமும் அக்கா என்றே வைத்துக்கொள்வோம்.

கீழே கடை, மேலே வீடு. பக்கவாட்டில் ஒடுங்கிய படிக்கட்டு. பாதியில் திரும்பும் இடத்தில் ஒரு சின்னத் திட்டு. அந்தப் படிகளில் அக்கா ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறி இறங்கினாள் என்று யாரும் கணக்கு வைத்ததில்லை. அடுப்பில் எதையாவது வைத்துவிட்டுக் கீழே வருவாள், கல்லாவில் உட்கார்ந்து ஒருவரிடம் பேரம் பேசி முடிப்பாள், தீய்ந்த வாசனை வருவதற்குள் மேலே போய்விடுவாள்.

விசில்காரரின் தொழிலை ஒரு வரியில் சொல்வதானால், இறுகியதை இளக்குவது. அடுப்புக் குமிழைத் திருப்ப முடியவில்லை, கை வலிக்கிறது என்று வருவார்கள். கழற்றுவார், துடைப்பார், கிரீஸ் வைப்பார், ஸ்பிரிங் முரண்டு பிடித்தால் கொஞ்சம் மெத்தென்று இருக்கிற வேறு ஸ்பிரிங் போடுவார். "இப்பத் திருப்பிப் பாருங்க" என்று நீட்டும்போது முகத்தில் ஒரு பெருமை வரும். ஒன்றே ஒன்றில் மட்டும் கை வைக்க மாட்டார். குக்கரின் சேஃப்டி வால்வு அடிக்கடி போகிறது, கொஞ்சம் கெட்டியாக ஏதாவது வைத்து அடைத்துக் கொடுங்கள் என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், மூக்குமேல் கோபம் வந்துவிடும். "வேற கடையப் பாருங்க" என்று பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். வால்வு எவ்வளவுக்குத் திறக்க வேண்டும் என்று செய்தவனுக்குத் தெரியும், நடுவில் நாம் யார் என்பது அவர் கட்சி. வேலை மேசைக்கு மேலே தொங்கிய பலகையிலேயே சிவப்பு பெயிண்டில் எழுதி வைத்திருந்தார்: வால்வை மாற்றித் தரமாட்டோம்.

இவ்வளவு தெரிந்த மனிதர் செய்த காரியத்தைத்தான் சொல்லப் போகிறேன். நினைத்தால் எனக்கே ஆத்திரம் வருகிறது.

அக்காவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது ஒரே நாளில் அல்ல. முதலில் படி ஏறும்போது. அப்புறம் துணி உலர்த்தும்போது. அப்புறம் படுத்தாலே முட்டுகிறது என்று தலையணைமேல் தலையணையாக அடுக்கிக்கொண்டு, பாதி உட்கார்ந்தபடி தூங்கினாள். கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. அவள் சொல்லாமல் இல்லை. அவர்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "வாயுவா இருக்கும், சோடா குடி" என்றார். தானே போய் வாங்கியும் வந்தார். "வயசாகுதுல்ல, மெதுவா ஏறு" என்றார். ஒரு நாள் அவள் படித் திட்டில் நின்றுகொண்டு, "என்னங்க, முடியலைங்க" என்று கூப்பிட்டாள். கையில் ஒரு பர்னரை வைத்துக்கொண்டு அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தவர், தலையைத் தூக்காமலே "இதோ வரேன்" என்றார். போகவில்லை. பர்னர் சரியானதும் அதன் நீலச் சுடரைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டு இருந்துவிட்டார். அவள் எப்படி ஏறிப் போனாள் என்று அவருக்குத் தெரியாது.

கடைசியில் கல்லா முன்னாலேயே சரிந்து விழுந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் படத்தையும் அறிக்கையையும் பார்த்துவிட்டு, இதயத் தசை பலவீனமாகிவிட்டது, இரத்தத்தை வேண்டிய அளவுக்குத் தள்ள முடியவில்லை, அதனால்தான் நீர் கோத்திருக்கிறது என்றார். பிறகு கேட்டார், "எவ்வளவு நாளா இப்படி இருக்கு?"

"இப்பத்தான் சார்" என்றார் விசில்காரர்.

முகமூடியில் ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்க, அக்கா படுக்கையிலிருந்து அவரைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் சொல்லவில்லை. உப்பு குறைந்தால் ஒரு கத்து, கடையில் சில்லறை குறைந்தால் ஒரு கத்து என்று இருந்தவள், இதைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. திட்டித் தொலைத்திருந்தால் அவருக்குச் சோறு இறங்கியிருக்கும்.

மாடி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் கடைக்குப் பின்னால் உள்ள அறையில் கட்டில் போட்டார்கள். பழைய அடுப்புகளுக்கும் மண்ணெண்ணெய் வாசனைக்கும் நடுவில் அக்கா. அங்கிருந்தபடி தொலைபேசியில் மேல்வீட்டை ஆண்டாள். மேலே பாத்திரம் விழும் சத்தம் கேட்டால் உடனே அவர் சட்டைப்பையில் மணி அடிக்கும். "அந்த அலமாரி இல்லைங்க, பக்கத்துல. உப்பைத் தொடாதீங்க. பாலைப் பாருங்க, பொங்கப்போகுது." பால் பொங்குவது அவளுக்கு எப்படிக் கேட்டது என்பது அவருக்குப் புரியாத மர்மம்.

வேறு ஊரில் இருக்கிற மகளுக்கு இது பிடிக்கவில்லை. "என் வீட்டுல லிஃப்ட் இருக்கும்மா. அந்த இரும்புக்கடை ரூம்ல எதுக்குக் கஷ்டப்படுறே? வந்துடு" என்று தினமும் நச்சரித்தாள். அக்காவுக்குத் தன் வீட்டை விட்டுப் போக மனமில்லை. கடையை விட்டு விசில்காரரால் போக முடியாது. அவள் போனால், இவர் இங்கே அவள் அங்கே என்று ஆகிவிடும். கடைசியில் தாயும் மகளும் ஓர் உடன்படிக்கைக்கு வந்தார்கள். ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிறார்களாம். அதை ஒழுங்காகச் செய்து அடுத்த பரிசோதனைக்குள் டாக்டர் மாடி ஏறலாம் என்று சொல்லிவிட்டால் அக்கா இங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் மகள் வந்து கூட்டிப் போவாள், மறுபேச்சு இல்லை.

பயிற்சிக் கூடத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். இதய நோயாளிகள் உட்கார்ந்தார்கள், எழுந்தார்கள், மறுபடி உட்கார்ந்தார்கள், கடைக்குப் போய் நாற்காலி வாங்குகிறவர்கள் சோதித்துப் பார்க்கிற மாதிரி. தாழ்வாரத்தில் கம்பியைப் பிடித்தும் பிடிக்காமலும் நடந்தார்கள். நடத்தியது ஒரு பிசியோ பெண், மகளைவிடச் சின்னவள், குரல் மட்டும் தலைமையாசிரியை குரல்.

"நெஞ்சு பலவீனம்னா படுத்தே இருக்கணும்னு நினைக்கிறாங்கம்மா. படுத்தே இருந்தா கால் தசை இளைச்சிடும். மூச்சை இழுக்கிற தசையும் இளைச்சிடும். அப்புறம் சின்ன வேலைக்கே இரைக்கும். டாக்டர் மருந்து நெஞ்சுக்கு. இது மத்த தசைக்கெல்லாம்" என்றாள். "நடக்கும்போது பேச முடியணும். ஆனா பாட முடியக் கூடாது. அதுதான் அளவு. பேச்சே வரலைன்னா நின்னுடுங்க."

"பேசுறதுல எனக்கு ஒரு குறைச்சலும் இல்லைம்மா" என்றாள் அக்கா.

"அதுக்கு நான் சாட்சி" என்றார் விசில்காரர். வெகு நாளைக்குப் பிறகு இரண்டு பேரும் ஒன்றாகச் சிரித்தார்கள்.

அப்புறம் அந்தப் பெண் கையடக்கமான ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கொடுத்தாள். ஒரு முனையை வாயில் கவ்வ வேண்டும், மூக்கைக் கிளிப்பால் அடைத்துக்கொள்ள வேண்டும், மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். உள்ளே ஸ்பிரிங் வைத்த ஒரு வால்வு இருக்கிறது. பலமாக இழுத்தால்தான் அது திறந்து காற்று விடும். மறுமுனையைத் திருப்பினால் ஸ்பிரிங் இறுகும், பக்கவாட்டில் உள்ள எண் ஏறும். மாடி ஏறக் கால் தசைக்குப் பயிற்சி மாதிரி, மூச்சை இழுக்கிற தசைக்கும் ஒரு பயிற்சி. சுலபமாக வர ஆரம்பித்ததும் ஓர் எண் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்றாள்.

"ஊதணுமா?" என்றார் விசில்காரர்.

"இழுக்கணும் சார். கஷ்டமாத்தான் இருக்கும், இருக்கணும். கஷ்டம் இல்லைன்னா பலன் இல்லை. நெஞ்சு வலிச்சாலோ தலை சுத்தினாலோ மட்டும் நிறுத்திட்டு எனக்கு போன் பண்ணுங்க."

அக்கா அதற்குப் பீப்பி என்று பெயர் வைத்தாள். வீட்டில் காலையும் மாலையும் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து பீப்பியைக் கவ்விக்கொள்வாள். இழுப்பாள். முதலில் ஒன்றும் வராது. கழுத்து நரம்பு புடைக்கும், தோள் ஏறும், கண் பிதுங்கும். வால்வு திறக்காத அந்த நேரம், எங்கோ அடைத்துக்கொண்டது மாதிரி ஒரு விக்கல் சத்தம் தொண்டையில் கேட்கும். அப்புறம் சட்டென்று காற்று உள்ளே பாயும். மறுபடி.

கடைக்கும் அறைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். விசில்காரருக்கு அந்த விக்கல் சத்தம் நன்றாகக் கேட்டது. அதை எங்கே கேட்டிருக்கிறோம் என்று யோசித்தார். யோசித்திருக்க வேண்டாம். படித் திட்டில் நின்று அவள் கூப்பிட்ட அன்று, "முடியலைங்க" என்பதற்கு முன்னால் கேட்டது அதுதான்.

அதன் பிறகு அக்கா பீப்பியை எடுத்தால் இவர் கடையில் இரும்பு தேய்க்கிற அரவை மெஷினைப் போடுவார். அரைப்பதற்கு எதுவும் இருக்காது. இல்லாவிட்டால் வாஷர் வாங்கிவருகிறேன் என்று கிளம்பிவிடுவார். கடையில் வாஷர் கொட்டிக் கிடந்தது. ஒரு தடவை திரும்பி வந்தபோது அவள் முடித்திருக்கவில்லை. வாசலிலேயே நின்றார்.

ஒரு நாள் மதியம் அக்கா அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். தலைமாட்டில் பீப்பி. அவர் கை சும்மா இருக்கவில்லை. மேசை விளக்கைப் போட்டு, மெல்லிய திருப்புளியால் மறுமுனை மூடியை நெம்பினார். சுலபமாகக் கழன்றது. உள்ளே அழகான சின்ன ஸ்பிரிங். விரலால் அழுத்திப் பார்த்தார். விறைப்பாக இருந்தது. நாற்பது வருஷமாக இதைத்தானே இளக்கிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்திருப்பார் போல. பழைய அடுப்புக் குமிழ்களிலிருந்து கழற்றிப் போட்டிருந்த டப்பாவில் துழாவினார். அதே நீளம், அதே சுற்று, மெத்தென்று ஒன்று கிடைத்தது. வைத்து மூடினார். எண் இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரிஜினல் ஸ்பிரிங்கை டப்பாவில் போடக் கை வரவில்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தலைக்கு மேலே பலகையில் அவர் எழுதிய சிவப்பு எழுத்து அப்படியே இருந்தது. நிமிர்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

மாலையில் அக்கா பீப்பியைக் கவ்வினாள். இழுத்தாள். காற்று தாராளமாக வந்தது. எடுத்துப் பார்த்தாள், மறுபடி இழுத்தாள்.

"என்னங்க! இங்க வாங்களேன்! இன்னிக்கு லேசா வருது பாருங்க!"

அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். விசில்காரர் தலைகால் புரியாமல் சிரித்தார். செய்தது சரிதான் என்றே தோன்றியது. தவறு செய்கிறவனுக்கு முதல் நாள் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும்.

அடுத்தடுத்து எண் ஏறியது. அக்கா பிடிவாதக்காரி, லேசாக வருகிறதே என்று தானே திருப்பித் திருப்பி ஏற்றினாள். மகளிடம் போனில் பெருமை அடித்தாள். "லிஃப்ட்டை நீயே வெச்சுக்கோ. நான் என் படியிலேயே ஏறுவேன்." பயிற்சிக் கூடத்துக்கும் தவறாமல் போனாள், அங்கே நடந்தாள், உட்கார்ந்து எழுந்தாள். பீப்பி மட்டும் வீட்டோடு. அதன் பலனை அடுத்த பரிசோதனையில்தான் அளப்பார்கள். விசில்காரருக்கு இரவில் மட்டும் சட்டைப்பை கனத்தது. நாளைக்கு மாற்றிவிடலாம் என்று நினைப்பார். இப்போது மாற்றினால் திடீரென்று இழுக்க முடியாமல் போகுமே, பயந்துவிடுவாளே என்றும் நினைப்பார். அப்படியே நாள் ஓடியது.

பரிசோதனைக்குச் சில நாள் முன்பு அவர் ஓர் அடுப்பை வாடிக்கையாளர் வீட்டில் மாட்டிவிட்டு வந்தார். கட்டில் காலியாக இருந்தது. படிக்கட்டுப் பக்கம் ஓடினார்.

அக்கா திட்டில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கை சுவரில், ஒரு கை முழங்காலில். உதடு வெளுத்திருந்தது. வாய் திறந்து திறந்து மூடியது, சத்தம் வரவில்லை. சத்தம் வந்தபோது அது அந்த விக்கல் சத்தமாக இருந்தது. விசில்காரர் அவளை மார்போடு சாய்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மெல்ல மெல்ல மூச்சு அடங்கியது.

"உங்களுக்கு ஒரு ஆச்சரியம் குடுக்கலாம்னு பாத்தேன்" என்றாள் அக்கா. "எண்ணு அவ்வளவு ஏறியிருக்கு, இது ஏறாதான்னு நினைச்சேன்."

அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். டாக்டர் பார்த்துவிட்டுப் புதிதாக ஒன்றும் கெட்டுப்போகவில்லை, ஆனால் யார் ஏறச் சொன்னது என்று கடிந்துகொண்டார். பரிசோதனையையும் இப்போதே முடித்துவிடலாம் என்று பிசியோ பெண்ணிடம் அனுப்பினார். அவள் நடக்கவிட்டுப் பார்த்தாள். நடை தேறியிருந்தது. பிறகு ஒரு மீட்டரைக் கொடுத்து மூச்சை இழுக்கச் சொன்னாள். பார்த்தாள். இன்னொரு தடவை இழுக்கச் சொன்னாள். இன்னொரு தடவை.

"முதல் நாள் எவ்வளவு இருந்ததோ அதேதாம்மா இருக்கு" என்றாள். பீப்பியின் எண்ணைப் பார்த்தாள். "இதுல இவ்வளவு ஏறியிருக்கு. நெஞ்சுல ஏறலையே." தயங்கினாள். "தப்பா நினைக்காதீங்க. வீட்டுல நிஜமாவே பண்றீங்களா? சில பேர் எண்ணை மட்டும் திருப்பி வெச்சுக்கிட்டு வந்துடுவாங்க."

அக்காவின் முகம் சிவந்து, பிறகு ஒன்றுமே இல்லாமல் ஆனது. "நான் பண்ணினேம்மா" என்றாள். குரல் எழும்பவில்லை. "ஒரு வேளைகூட விடலை. இவரைக் கேளுங்க."

விசில்காரர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். சுவரில் இதயத்தின் படம் ஒன்று மாட்டியிருந்தது. நீல ரத்தம் எங்கே போகிறது, சிவப்பு எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"பண்ணினா" என்றார் படத்தைப் பார்த்தே.

அது பொய்யில்லை. அதனால்தான் அவ்வளவு அசிங்கமாக இருந்தது.

அக்கா வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்ததும் மகளைக் கூப்பிட்டாள். "ஞாயித்துக்கிழமை வந்துடும்மா. நான் உன்கூட வரேன். என் உடம்பு அவ்வளவுதான். எவ்வளவு பண்ணியும் ஏற மாட்டேங்குது." போனை வைத்துவிட்டு அவரிடம், "மேல போய் என் துணியெல்லாம் எடுத்துட்டு வாங்க. பச்சைப் பை கட்டிலுக்கு அடியில இருக்கு" என்றாள்.

அவர் மேலே போனார். பச்சைப் பையை எடுத்தார், அலமாரியைத் திறந்தார், கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். அங்கே உட்கார்ந்துகொண்டு அந்த மனிதர் என்ன நினைத்தார் தெரியுமா? மகள் வீட்டில் லிஃப்ட் இருக்கிறது; பீப்பி தேவைப்படாது; யாருக்கும் தெரியாமலே போய்விடும் என்று நினைத்தார். அப்படி நினைத்ததும் தன்மேலேயே அருவருப்பாக வந்தது. சட்டைப்பையில் கை விட்டார்.

கீழே வந்தபோது பை காலியாக இருந்தது. அக்கா பார்த்தாள். "துணி எங்கே?"

அவர் உள்ளங்கையை விரித்தார். "இது உன் பீப்பியோட ஸ்பிரிங். நான்தான் கழட்டினேன். வேற ஒண்ணு போட்டிருக்கேன், லேசா."

அக்காவுக்கு உடனே புரியவில்லை. ஸ்பிரிங்கை எடுத்துப் பார்த்தாள், பீப்பியைப் பார்த்தாள். நாற்பது வருஷம் ஸ்பிரிங் டப்பாவோடு குடித்தனம் செய்தவள். புரிய வெகுநேரம் ஆகவில்லை.

"எப்போலேர்ந்து?"

"லேசா வருதுன்னு நீ என்னைக் கூப்பிட்டுக் காட்டினியே. அன்னிக்கு மத்தியானம்."

"அப்போ நான் எண்ணு ஏத்தினது எல்லாம்..."

"பொய்."

"மககிட்டப் பீத்திக்கிட்டது?"

அவர் தலை குனிந்தார்.

"அந்தப் பொண்ணு என்னைப் பொய்க்காரி மாதிரி பாத்தாளே. அப்ப நீங்க எங்க பாத்துக்கிட்டு இருந்தீங்க?"

"செவுத்துல படம் இருந்தது."

"படம்" என்றாள் அக்கா.

"உன் கஷ்டத்தைப் பாக்க முடியலம்மா. கண்ணெல்லாம் பிதுங்கி, கழுத்தெல்லாம்... என்னால பாக்க முடியலை. உனக்கு லேசா இருக்கட்டும்னுதான்..."

"பாக்க முடியலையா, கேக்க முடியலையா?"

விசில்காரர் நிமிர்ந்தார்.

"நான் பீப்பியை எடுத்தா மெஷினைப் போடுவீங்க. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? பலகைக்கு இந்தப் பக்கம் இருந்து எல்லாம் கேக்குது. ஒண்ணையும் அரைக்காத மெஷின் சத்தம் எனக்குத் தெரியாதா?" அக்காவுக்கு இரைத்தது. நிறுத்தினாள், மூச்சு வந்ததும் சொன்னாள், மெதுவாக. "எனக்காகக் கழட்டலைங்க. உங்க காதுக்காகக் கழட்டினீங்க."

அவருக்கு அழுகை வந்தது. அழக்கூட உரிமை இல்லாதவர் மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அக்கா அவரைத் தேற்றவில்லை. வெகுநேரம் ஸ்பிரிங்கை விரல்களுக்கு நடுவே அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ என் உடம்பு தோத்துப்போகலை" என்றாள் தனக்குத்தானே. பிறகு போனை எடுத்து மகளிடம் ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் என்றாள். ஏன் என்று மகள் கேட்டாள். இவள் சொன்னாள். "அப்பாகிட்ட போனைக் குடு!" என்று மகள் கத்தியது பலகைக்கு அந்தப் பக்கம் வரை கேட்டது. "அவரை நான் பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் பிசியோ பெண்ணிடம் போனார்கள். நடந்ததை அவர் வாயாலேயே சொல்ல வேண்டும் என்பது அக்காவின் கட்டளை. சொன்னார். அந்தப் பெண் திருதிருவென்று முழித்தாள். "எண்ணைத் திருப்பி ஏமாத்துறவங்களைப் பாத்திருக்கேன் சார். உள்ள புகுந்து ஏமாத்தினது நீங்க ஒருத்தர்தான்" என்றாள். பிறகு அக்காவின் கையைப் பிடித்து, "சந்தேகப்பட்டதுக்கு மன்னிச்சுக்கோங்கம்மா" என்றாள். பழைய கருவியை வாங்கிக்கொண்டு புதிதாக ஒன்று கொடுத்தாள். கொடுக்கும்போது அவர் பக்கம் நீட்டாமல் அக்காவின் கையிலேயே வைத்தாள்.

அடியிலிருந்து ஆரம்பம். வீட்டில் அக்கா போட்ட சட்டம் ஒன்றுதான்: பீப்பி எடுக்கும்போது கடையில் மெஷின் ஓடக் கூடாது, அவர் எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும். முதல் நாள் அந்த விக்கல் சத்தம் கேட்டதும் அவர் கண்ணில் நீர் முட்டியது. அக்கா பீப்பியை வாயிலிருந்து எடுத்தாள்.

"மூச்சு வாங்குறது நான். நீங்க எதுக்கு அழறீங்க?"

அவர் துடைத்துக்கொண்டார். நாள் போகப் போக வித்தியாசம் கேட்க ஆரம்பித்தது. வால்வு திறக்குமுன் உள்ள அந்த அடைப்பு நேரம் குறைந்தது. எண் ஏறினால் மறுபடி கூடும், பிறகு குறையும். குக்கர் சத்தத்தைக் கேட்டே வியாதி சொல்கிறவருக்கு இது புரியாமலா போகும்? முன்பே கேட்டிருந்தால் முன்பே புரிந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வார். அந்த நினைப்பு வந்த நாளெல்லாம் வேலை ஓடாது. ஒரு நாள் பலகையில் எழுதியிருந்த சிவப்பு வரியை அழிக்கப் போனார். "இருக்கட்டும். தினமும் பாருங்க" என்றாள் அக்கா.

அடுத்த பரிசோதனையில் பிசியோ பெண் மீட்டரைப் பார்த்துவிட்டு இரண்டாம் தடவை இழுக்கச் சொல்லவில்லை. டாக்டர், படி ஏறலாம், மெதுவாக, நின்று நின்று, கூட ஆள் இருக்க வேண்டும் என்றார். இதயம் பழையபடி ஆகிவிடவில்லை, மருந்தும் உப்புக் கணக்கும் ஆயுளுக்கும் உண்டு, அதையும் சொன்னார்.

மறுநாள் காலை அக்கா படிக்கட்டின் முன்னால் நின்றாள். விசில்காரர் ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்றார், வழியில் உட்கார வேண்டியிருந்தால் என்று. அக்கா கைப்பிடியைப் பிடித்து முதல் படியில் ஏறினாள். பின்னால் திரும்பாமலே சொன்னாள்:

"வாயுவா இருக்கும்னு சொன்னீங்க."

விசில்காரர் ஸ்டூலோடு நின்றுவிட்டார்.

"சொன்னீங்களா இல்லையா?"

"ஆமா."

அடுத்த படி. "சோடா வாங்கித் தந்தீங்க."

"ஆமா."

"வயசாகுதுன்னு சொன்னீங்க. என்னைவிட உங்களுக்குத்தான் வயசு கூட."

"ஆமா."

"டாக்டர்கிட்ட இப்பத்தான்னு சொன்னீங்க. நான் கேட்டுக்கிட்டுத்தான் படுத்திருந்தேன்."

"ஆமா."

இத்தனை நாள் வாயைத் திறக்காதவள் படிக்கு ஒன்றாக எடுத்து வைத்தாள். நடக்கும்போது பேச முடியணும் என்றாளே அந்தப் பெண், அது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பேச்சு நின்றால்தான் பயப்பட வேண்டும். அவர் ஒவ்வொரு வார்த்தைக்கும் காதைத் தீட்டிக்கொண்டு பின்னால் ஏறினார்.

திட்டு வந்தது. அக்கா நின்றாள். சுவரில் கை வைத்தாள். பேச்சும் நின்றது. மூச்சு மட்டும் கேட்டது. போதும்மா, இறங்கிடலாம் என்று அவர் தொண்டை வரை வந்தது. விழுங்கினார். நீட்டிய கையையும் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அவள் நிதானமாக மூச்சை இழுத்தாள், விட்டாள், மறுபடி இழுத்தாள். இழுப்பில் அடைப்பு இல்லை.

"இங்க நின்னுதான் உங்களைக் கூப்பிட்டேன்" என்றாள். "இதோ வரேன்னு சொன்னீங்க."

அது அவளுக்குக் கேட்டிருக்காது என்று இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தார். ஆமா என்று சொல்ல வாய் வரவில்லை.

"வந்தீங்களா?"

"வரலை."

அக்கா மேலே ஏறினாள். கடைசிப் படியில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, தன் வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தாள். அடுப்பு மேடை இருந்த லட்சணத்தைப் பார்த்து முகம் சுளித்தாள். பிறகு திரும்பினாள். நெற்றியெல்லாம் வியர்வை.

"இன்னும் நிறைய இருக்கு. நாளைக்கு ஏறும்போது சொல்றேன்."

விசில்காரர் ஸ்டூலைக் கீழே வைத்தார்.

"சொல்லு" என்றார். "எல்லாத்தையும் சொல்லு."